38 வயதில் கணக்கு வேலையை விட்டு ஆக்குபேஷனல் தெரபி படிக்கலாமா? (இங்கிலாந்து)

அளவெட்டியாள் (ஹாரோ)

உறவுகளுக்கு வணக்கம். பதிவு நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது. இங்கே கணக்கியலில் பட்டம் பெற்று, பதினான்கு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். பிரித்தானியக் குடியுரிமை இருக்கிறது. வேலையில் குறையொன்றும் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு மாசி மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது மருத்துவமனையில் கண்ட ஒரு காட்சி மனத்தை விட்டுப் போகவே இல்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து பத்தாம் நாள். வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்ப்பதற்காக, வார்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய சமையலறைக்கு அம்மாவை அழைத்துச் சென்றார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (நோய்க்கோ விபத்துக்கோ பிறகு அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குபவர்) என்று தம்மை அறிமுகம் செய்துகொண்ட ஓர் இளம்பெண், ஒரு தேநீர் போட்டுக் காட்டும்படி கேட்டார். மேசையில் மின்கேத்தல், தேயிலைப் பை, ஒரு குவளை, குளிர்ந்த பால். அம்மா தேயிலைப் பையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அலுமாரியைத் திறந்து, தேயிலை வடிகட்டும் வடியைத் தேடினார். வடி எங்கே இருக்கப்போகிறது? பிறகு இன்னொரு குவளையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சுடுநீரை ஊற்றி, ஆற்றுவதற்காக ஒன்றிலிருந்து மற்றதற்கு ஊற்றப் போனபோது, அந்தப் பெண் பதறி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். செயல்களை வரிசையாகச் செய்வதில் தடுமாற்றம், சுடுநீரால் ஆபத்து என்று அன்று மாலைக் குறிப்பில் இருந்தது. நினைவாற்றல் பரிசோதனைக்கும் எழுதிவிட்டார்கள்.

அம்மாவுக்கு 72 வயது. ஐம்பது ஆண்டுகளாக நாளுக்கு நான்கு முறை தேத்தண்ணீர் ஆற்றிய கை அது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து மூத்த தெரபிஸ்ட் ஒருவர் வந்தார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் அம்மா எப்படிப் போடுவார்?" என்பதுதான். வடியையும் பால்மாவையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். பாதி நின்றவாறே சாய்ந்து அமரக்கூடிய உயரமான இருக்கை ஒன்றை அடுப்படி மேடைக்கு முன்னால் போட்டார். அம்மா மூன்று தேத்தண்ணீர் போட்டார், ஒன்று அந்தத் தெரபிஸ்டுக்கும் சேர்த்து. அந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த மூத்த அம்மணி செய்த வேலையை நான் செய்ய வேண்டும். இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு இருப்பதாக அறிந்தேன். கணவர் சரி என்கிறார், ஆனால் வீட்டுக் கடன் இருக்கிறது. பணம், பிள்ளைகள், வயது இந்த மூன்றும்தான் என் பயம். படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், விட்டுவிட்டவர்கள் எல்லாரும் உண்மையைச் சொல்லுங்கள்.

கூடல்நகர் (ரெடிங்)

சகோதரிக்கு வணக்கம். மதுரைக்காரன். பன்னிரண்டு ஆண்டுகள் மென்பொருள் சோதனை வேலை பார்த்துவிட்டு 36 வயதில் இதே படிப்பில் சேர்ந்தேன். இப்போது சமூகப் பராமரிப்புக் குழுவில் வீடு வீடாகப் போகும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உங்கள் அம்மாவின் கதையைப் படித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பெயரைப் பற்றி. நம்மூரில் இதைத் 'தொழில்சார் சிகிச்சை' என்கிறார்கள். அதைக் கேட்பவர்கள் வேலைவாய்ப்போடு தொடர்புடையது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கோயிலுக்குப் போவது என ஒரு மனிதர் தம் நாளை எதனால் நிரப்புகிறாரோ அது முழுவதும் இதற்குள் அடங்கும். நோயோ விபத்தோ அதில் எதைப் பறித்ததோ, அதை மீட்டுத் தருவது அல்லது வேறு வழியில் செய்யக் கற்றுத்தருவது நம் வேலை. நேர்முகத்தில் "ஏன் பிசியோதெரபி இல்லை?" என்று கட்டாயம் கேட்பார்கள். வடியும் இரண்டாவது குவளையும்தான் உங்கள் பதில். வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இனி பணம். உங்களுக்குக் குடியுரிமை இருப்பதால் நிலைமை நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்கு மறுபடி மாணவர் கடன் கிடைக்காது என்பது பொது விதி. இதுபோன்ற சுகாதாரத் துறைகளுக்கு அதில் விலக்கு உண்டு. பதிவுக்குத் தகுதி தரும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பாக இருந்தாலும் இளநிலை மாணவருக்குரிய கல்விக் கட்டணக் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் கிடைக்கும். அதற்கு மேல் என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் கற்றல் உதவி நிதியிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்ட் வருகிறது. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டாம். குழந்தை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்ட் கூடுதல். 2017க்கு முன் இத்துறை இளநிலை மாணவர்களுக்குக் கட்டணம் முழுவதையும் அரசே செலுத்தியது, அந்தக் காலம் போய்விட்டது. 2020 செப்டம்பரிலிருந்து இருப்பது இந்த ஏற்பாடு.

அப்படியும் இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டில் ஒரு சம்பளம் குறையும். என் மனைவி வேலை பார்த்தார், நான் சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்தேன். சேமிப்பில் பாதி கரைந்தது. படித்து முடித்ததும் என்.எச்.எஸ். ஊதிய வரிசையில் ஐந்தாம் நிலையில் தொடங்குவீர்கள். 2025-26 கணக்கில் அதன் அடிப்படை ஆண்டுக்கு 31,049 பவுண்ட். இலண்டன் படி தனி. பதினான்கு ஆண்டு அனுபவமுள்ள கணக்காளருக்கு இது இறக்கம்தான். ஆறாம் நிலைக்குப் போன பிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

படிப்பைவிடக் களப்பயிற்சிதான் கடினம். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பின் விதிப்படி குறைந்தது 1,000 மணி நேரம் பயிற்சி முடித்தாக வேண்டும். எனக்கு நான்கு தவணைகளாக அமைந்தது. ஒன்று பக்கவாத வார்டு, ஒன்று மனநல மருத்துவமனை, ஒன்று குழந்தைகள் பிரிவு, கடைசியாக வீடுகளுக்குச் செல்லும் பணி. முழுநேர வேலை, ஊதியம் கிடையாது, இரவில் கட்டுரை எழுத வேண்டும்.

பக்கவாத வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம்மவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், வலக்கை விழுந்துவிட்டது. மூன்று நாளாக இடக்கையில் கரண்டியைக் கொடுத்தால் வாயைத் திறக்க மறுக்கிறார். பேச்சும் குழறியது. உணவை மறுக்கிறார், மனச்சோர்வாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேட்டேன். "பீச்சாங்கை" என்று அந்த ஒரு சொல் மட்டும் வந்தது. கரண்டிப் பிடியில் தடிமனான நுரைக்குழாயை மாட்டி, வலது உள்ளங்கையோடு பட்டையால் கட்டி, முழங்கைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தோம். பாதி சாதம் மடியில் சிந்தியது. மீதி பாதியை அவரே சாப்பிட்டார். என் பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். என் வகுப்பில் 22 வயதும் இருந்தது, 51 வயதும் இருந்தது.

தேவி_வேலூர் (லெஸ்டர்)

அளவெட்டி அக்கா, நான் தமிழ்நாட்டில் பிசியோதெரபி படித்தவள். நான்கரை ஆண்டுப் படிப்பு, அதில் கடைசி ஆறு மாதம் பயிற்சி. இங்கே புதிதாகப் படிக்கவில்லை, எச்.சி.பி.சி. எனப்படும் பதிவுக் கழகத்தில் வெளிநாட்டில் பயின்றவராக விண்ணப்பித்துப் பதிவு பெற்றேன். பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பன சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டங்கள். அந்தப் பதிவு இல்லாமல் அவற்றைப் போட்டுக்கொண்டால் குற்றம். மொத்தம் 15 தொழில்கள் அந்தக் கழகத்தின் கீழ் வருகின்றன.

ஊரிலிருந்து வருபவர்கள் யாராவது படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்பித்தார்கள், எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவில் பயிற்சி என்று கல்லூரி எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அதை வாங்குவதற்கு எனக்கு ஐந்து மாதம் ஆனது. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திற்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது. ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் 8.0, பகுதிக்கு 7.5. அந்தத் தொழிலுக்கு மொழியே கருவி என்பதால் அது நியாயம்தான்.

பதிவு வரும்வரை மறுவாழ்வு உதவியாளராக மூன்றாம் நிலையில் வேலை செய்தேன். அக்கா, நீங்களும் இதைச் செய்து பாருங்கள். இத்தகைய உதவியாளர் பணிகளுக்குப் பட்டம் தேவையில்லை, பகுதிநேரமாகவும் வரும். ஆறு மாதம் செய்தால் இந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

ஊர்ப்பற்றில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்த நிலையம் ஒரு காரணம். என் பெரியப்பா அங்கேதான் மறுபடி நடக்கப் பழகினார்.

கிழக்குக்கரை (குரொய்டன்)

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். நான் இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டு வந்தவன், என் பக்கத்தையும் கேளுங்கள்.

எனக்கு மூன்றாவது களப்பயிற்சி வீட்டிலிருந்து ஒரு மணி நாற்பது நிமிடத் தொலைவில் கிடைத்தது. காலை எட்டரைக்கு வார்டில் நிற்க வேண்டும். மகளை யார் பள்ளிக்குக் கொண்டுபோவது? மனைவிக்கு இரவு வேலை. இடம் மாற்றிக் கேட்டேன், கிடைக்கவில்லை. பயணச் செலவைத் திரும்பப் பெறலாம், ஆனால் வழக்கமாகப் பல்கலைக்கழகம் போகும் செலவுக்கு மேற்பட்ட தொகையைத்தான் தருவார்கள், அதுவும் நாம் முதலில் கைக்காசைப் போட்டுப் பிறகு விண்ணப்பிக்க வேண்டும். மாத நடுவில் வங்கிக் கணக்கில் 11 பவுண் மிச்சம் இருந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வார்டில் எனக்குப் பயிற்சி தந்தவரும் களைத்துப்போன மனிதர். ஆறு பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் செய்தார்கள். கட்டிலை விடுவிக்க வேண்டும், இன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்ற கேள்விதான் நாள் முழுவதும். அக்கா சொன்ன அந்த இளம்பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தச் சமையலறையில் இருபது நிமிடம்தான் கொடுத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன், என் குறிப்புகள் தரமாக இல்லையென்று அந்தத் தவணையில் தேர்ச்சி பெறவில்லை. மறுபடி செய்ய ஒரு வாய்ப்புத் தந்தார்கள். வீட்டு நிலைமையால் என்னால் முடியவில்லை.

இப்போது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். அந்த ஓராண்டில் கற்றது அங்கே தினமும் பயன்படுகிறது. ஆனாலும் சேருவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பிள்ளை உள்ளவர்களுக்குக் களப்பயிற்சி இடம் ஒதுக்கும்போது தூரத்தைக் கணக்கில் எடுப்பார்களா? பகுதிநேரமாகப் பயிற்சி செய்ய வழி இருக்கிறதா? நான் கேட்காமல் போனேன்.

அளவெட்டியாள்

கிழக்குக்கரை அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த இளம்பெண் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இருந்தது. இருபது நிமிடம் என்று நீங்கள் சொன்ன பிறகு அது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. எழுதியதற்கு நன்றி அண்ணா. உங்கள் இரண்டு கேள்விகளையும் அப்படியே மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

சேந்தன் (ஈஸ்ட்ஹாம்)

அக்கா, அண்ணன்மாரே, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் திருச்சியிலிருந்து மாணவர் விசாவில் வந்து வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிப்பு முடியப்போகிறது. இதே ஆக்குபேஷனல் தெரபி முதுநிலைக்கு நான் விண்ணப்பிக்க முடியுமா? அந்த 5,000 பவுண்ட் எனக்கும் கிடைக்குமா?

கூடல்நகர்

சேந்தன் தம்பி, நேராகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த உதவித்தொகை உங்களுக்குக் கிடையாது. இங்கே நிலையான வாழ்வுரிமையும் மூன்றாண்டு வசிப்பும் இருந்தால்தான் மாணவர் கடன், அது இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொகை. உங்களுக்குப் பன்னாட்டு மாணவர் கட்டணம், முழுவதும் கைப்பணம். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். களப்பயிற்சி மாதங்களில் அதற்கும் உடம்பு ஒத்துழைக்காது.

முடித்துவிட்டால் வழி இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் பிசியோதெரபிஸ்டும் சுகாதாரப் பணியாளர் விசாவின் கீழ் வருகிறார்கள். ஆனால் ஊரில் வீட்டை அடமானம் வைத்து இந்தக் கட்டணத்தைக் கட்டுவதாக இருந்தால் வேண்டாம் தம்பி. விசா விதிகள் இரண்டு ஆண்டில் இரண்டு முறை மாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்பாவின் வீட்டை அந்த விதியின்மேல் வைக்காதீர்கள். முகவர்கள் யாராவது வேலை உறுதி என்று சொல்லிப் பணம் கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே நிறுத்துங்கள்.

தேவி_வேலூர்

தம்பி, ஊரிலேயே படிக்கும் வாய்ப்பையும் யோசியுங்கள். இந்தியாவில் 2021இல் இத்துறைகளுக்கென்று தனி தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950இலேயே ஆக்குபேஷனல் தெரபி பள்ளி தொடங்கிவிட்டார்கள். ஊரில் படித்தவர்கள் பலர் இங்கே பதிவு பெற்று வேலை செய்கிறார்கள். செலவைக் கணக்குப் போட்டால் பாதிகூட வராது.

ஏர்காட்_தமிழ் (டோர்ட்முண்ட்)

ஜெர்மனியிலிருந்து ஒரு தகவல் மட்டும். இங்கே எர்கோதெரபி (ஆக்குபேஷனல் தெரபிக்கு இங்குள்ள பெயர்), பிசியோதெரபி இரண்டையும் பெரும்பாலும் தொழிற்பள்ளியில்தான் படிக்கிறார்கள், மூன்று ஆண்டு. முன்பு பள்ளிக் கட்டணம் கேட்டார்கள், இப்போது பல மாநிலங்கள் நீக்கிவிட்டன. மருத்துவமனையோடு இணைந்த பள்ளிகள் சிலவற்றில் மாத ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் ஜெர்மன் மொழி கைவர வேண்டும், பி2 நிலை இல்லாமல் இதைத் தொடாதீர்கள். நான் 34 வயதில் சேர்ந்தேன். முதல் ஆண்டு உடற்கூறியல் வகுப்பில் எலும்புகளின் பெயர் எல்லாம் லத்தீனில் இருந்ததால் பக்கத்து இருக்கை ஜெர்மன் பிள்ளைகளும் என்னைப் போலவே திணறினார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கூடல்நகர்

அளவெட்டி சகோதரிக்கு விட்டுப்போன ஒன்று. பட்டப் பயிற்சிப் பணி என்று இன்னொரு வழி இருக்கிறது. மருத்துவமனையோ உள்ளாட்சி மன்றமோ உங்களைப் பணியில் அமர்த்திச் சம்பளமும் கொடுத்துப் படிக்கவும் அனுப்பும். கட்டணம் உங்கள் தலையில் விழாது. ஆனால் கூடுதல் காலம் பிடிக்கும், இடங்களும் குறைவு. பெரும்பாலும் ஏற்கெனவே உதவியாளராக இருப்பவர்களுக்கே தருகிறார்கள். தேவி சொன்ன உதவியாளர் வேலைக்கு இது இரண்டாவது காரணம்.

பையில் எப்போதும் ஓர் அளவு நாடா வைத்துக்கொள்ளப் பழகுங்கள். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்தால்தான் நாற்காலி, கட்டில், கழிவறை எல்லாவற்றின் உயரமும் சொல்ல முடியும். ஊரில் தரையில் உட்கார்ந்து பழகிய நம் பெரியவர்களுக்கு இங்குள்ள சோபா எவ்வளவு பகை என்று அளந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஓர் அம்மாவுக்கு இரண்டு அங்குல மரக்கட்டைகளைச் சோபாவின் காலுக்கடியில் வைத்தோம், அவ்வளவுதான். மகன் கைதூக்கிவிடாமல் எழுந்து நின்று என்னைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றார்.

அளவெட்டியாள்

நான்கு மாதம் கழித்து வருகிறேன். உங்கள் சொல் கேட்டு, அலுவலகத்தில் வாரம் நான்கு நாளாகக் குறைத்துக்கொண்டு, வெள்ளியும் சனியும் ஒரு மறுவாழ்வு வார்டில் உதவியாளராகப் போகிறேன். முதல் இரண்டு வாரம் கால் வீங்கியது. இப்போது பழகிவிட்டது.

கிழக்குக்கரை அண்ணா, மூன்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதினேன். ஒன்று பதிலே தரவில்லை. ஒன்று தூரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றது. மூன்றாவது, பிள்ளைகள் உள்ளவர்கள் முன்கூட்டியே எழுதித் தந்தால் கணக்கில் எடுப்போம் என்று எழுத்திலேயே தந்தது. அங்கேதான் விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் ஏன் பிசியோதெரபி இல்லை என்று கேட்டார்கள். வடியைப் பற்றிச் சொன்னேன். வரும் செப்டம்பருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

இப்போது ஒரு புதுச் சிக்கல். உடல்நலச் சோதனைக்குச் சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பதிவு கேட்கிறார்கள். 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து போரால் இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டு வயது. தடுப்பூசி அட்டை வீட்டோடு போனது. என்ன செய்வது?

தேவி_வேலூர்

அக்கா, வாழ்த்துகள்! அட்டைக்காகக் கவலைப்படாதீர்கள். தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள், இல்லாததை மட்டும் புதிதாகப் போடுவார்கள். ஹெபடைடிஸ் பி தவணைகளுக்குச் சில மாதம் ஆகும், அதை இந்த வாரமே தொடங்குங்கள். காசநோய்த் தடுப்பூசிக்குத் தோளில் உள்ள தழும்பைச் செவிலியர் பார்த்துக் குறித்துக்கொள்வார். தழும்பு இருக்கிறதா பாருங்கள்.

அளவெட்டியாள்

இருக்கிறது. எனக்கே மறந்துபோய்விட்டது, அம்மாதான் என் இடது சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். பெருவிரல் வைத்து அழுத்தி, "இது சீழ் பிடித்து நீ ஒரு கிழமை அழுதாய்" என்றார்.